ஹேன்காக் இல்லம்: முதலில் சுவரைப் பாருங்கள்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஹேன்காக்ஸ் பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் அரசு அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்படும் 1734ஆம் ஆண்டுச் செங்கல் பண்ணை வீட்டுக்குச் செல்பவர்கள், திறந்திருக்கும் நாள்களை முன்கூட்டியே உறுதிசெய்துகொண்டு, அங்கே போனதும் வாசலுக்கு விரையாமல், முதலில் பக்கச்சுவருக்கு எதிரே சற்றுத் தள்ளி நிற்பது நல்லது. சூளையில் நெருப்பை ஒட்டி வெந்ததால் நீலச்சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும் செங்கல் முனைகளைக் கொண்டு அமைத்த நெளிகோடுகள் சுவரெங்கும் ஏற, உச்சியில் வீட்டைக் கட்டுவித்த வில்லியம், சாரா ஹேன்காக் தம்பதியரின் பெயரெழுத்துகளும் கட்டிய ஆண்டும் பதிந்துள்ளன. கிட்டே நின்றால் இவை வெறும் கறைகளாகத்தான் தோன்றும். பொறுமையாகப் பார்த்துவிட்டு உள்ளே செல்லுங்கள். அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1778 மார்ச் 21 அன்று விடியுமுன், உறங்கிக்கொண்டிருந்த உள்ளூர்க் காவற்படையினரைப் பிரிட்டிஷ் தரப்புப் படை கொன்றது இந்தச் சுவர்களுக்குள்தான்.