உப்பு கைவிட்டது, யூரியா கைகொடுத்தது

நுண்ணோக்கியில் எடுத்த படத்தை யாரிடம் காட்டினாலும், "எத்தனை மடங்கு?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பள்ளி ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் உதவியாளனாக இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். என் வீட்டுச் சுவரில் தொங்கும் படங்கள் நாற்பது மடங்கிலும் நூறு மடங்கிலும் எடுத்தவை. எல்லாம் கரைசல் சொட்டு காய்ந்து உண்டான படிகங்கள். அவற்றின் அழகெல்லாம் சொட்டு காய்ந்த விதத்தில் வந்தது.

மாணவர்களுக்கான சாதாரண நுண்ணோக்கியும் கைபேசியும் போதும். கூடவே, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் போலராய்டு தாள் இரண்டு துண்டு வேண்டும். கெட்டுப்போன கால்குலேட்டரின் திரைமேல் ஒட்டியிருப்பது அதுதான். பிளேடால் மூலையைக் கிளப்பி மெதுவாக உரித்து, பசையை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். திரையின் பின்பக்கத்திலும் ஒரு தாள் உண்டு. ஆனால் பெரும்பாலும் வெள்ளிப் பூச்சோடு வரும், ஒளி சரியாகப் புகாது. ஆகவே இரண்டு கால்குலேட்டர்களைப் பலி கொடுத்தாக வேண்டும்.

ஒரு தாளை ஸ்லைடுக்கு அடியில், விளக்கின் பக்கம் வையுங்கள். இன்னொன்றைக் கண்ணருகு லென்ஸின் மேல் வைத்து மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் வெளிச்சம் அணைந்து இருட்டாகும். அங்கேயே நிறுத்துங்கள். அந்த இருட்டில் படிகம் மட்டும் நிறத்தோடு ஒளிர வேண்டும்.

முதல் நாள் நான் சமையல் உப்பைக் கரைத்துக் காயவைத்துப் பார்த்தேன். ஒரே இருட்டு. படிகாரத்தைப் பார்த்தேன், அதுவும் இருட்டு. தாள்தான் சரியில்லை என்று அதைத் திட்டித் தீர்த்தேன். பிறகுதான் உறைத்தது: இரண்டும் கனசதுர வகைப் படிகங்கள், எந்தத் திசையில் போனாலும் ஒளிக்கு அவற்றுள் ஒரே வேகம்தான். ஒளியை இரண்டாகப் பிரிக்கும் படிகம்தான் நிறம் காட்டும். யூரியா அந்த வகை.

உரக்கடை யூரியா ஒரு தேக்கரண்டி போதும். 2015 முதல் நம் நாட்டில் வேப்பெண்ணெய் பூசித்தான் விற்க வேண்டும் என்பது விதி. அதனால் வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, நான்காக மடித்த பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய்த் துளிகள் படமெங்கும் வட்டம் வட்டமாக நிற்கும்.

ஸ்லைடில் ஒரே ஒரு சொட்டு விட்டு, பல்குத்தும் குச்சியால் மெல்லிசாக இழுத்துவிடுங்கள். நிறத்தைத் தீர்மானிப்பது தடிமன்தான். மிக மெல்லிய இடம் சாம்பலும் வெள்ளையுமாக இருக்கும். சற்றுத் தடித்தால் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வரும். மிகவும் தடித்துவிட்டால் மறுபடி வெளுத்துவிடும். வெயிலில் வைத்தால் பொடிப்பொடி ஊசிகள்தான் கிடைக்கும். டம்ளரைக் கவிழ்த்து மூடி மெதுவாகக் காயவிட்டால் விளிம்பிலிருந்து நீண்ட இறகுகள் உள்ளே படரும். அவசரமே வேண்டாம். 1885-இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் வில்சன் பென்ட்லி என்ற 19 வயது விவசாயி நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்திப் பனித்துகளைப் படமெடுத்தபோது, அது உருகுவதற்குள் எடுத்தாக வேண்டியிருந்தது. நமக்கு அந்தக் கெடுபிடி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இந்த வேலையைத் தொடாதீர்கள். யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு காயவே காயாது.

கைபேசியைக் கையில் பிடித்து எடுத்தால் படம் ஆடும். கண்ணருகு லென்ஸில் செருகும் அளவுக்கு ஒரு மூடியில் ஓட்டை போட்டு, கைபேசியின் உறையில் ஒட்டிக்கொள்ளுங்கள். திரையில் மிகவும் பளிச்சென்ற படிகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். கறுப்பு கறுப்பாகவே இருக்க வேண்டும். பொத்தானைத் தொடாமல் மூன்று விநாடி டைமரில் எடுங்கள்.

கறுப்புப் பின்னணி அலுத்துவிட்டால், பூங்கொத்தில் சுற்றிவரும் செலோபேன் காகிதத்தை ஸ்லைடுக்கு அடியில் செருகித் திருப்பிப் பாருங்கள். பின்னணியே நிறம் மாறும். எனக்கு இது கொஞ்சம் மிட்டாய்க் கடைத்தனமாகத் தோன்றுகிறது. பேத்திக்கோ அதுதான் பிடிக்கிறது.

நல்ல ஸ்லைடு அமைந்தால் அன்றைக்கே தேதி எழுதிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மயிலிறகு போல எனக்கு வாய்த்த ஒன்றை, அழுக்குக் கண்ணாடித் துண்டு என்று நினைத்து என் மனைவி காபி டம்ளரோடு சேர்த்துக் கழுவி வைத்துவிட்டாள்.