ஐப்பசியில் ஊருக்குப் போகிறீர்களா? கமராவோடு போகிறவர்களுக்குச் சில சொற்கள்

நல்லூர்த் திருவிழா ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு யாழ்ப்பாணம் போகிறவர்கள் பலர், "திருவிழாவெல்லாம் முடிஞ்சுது, இனி என்னத்தைப் படம் எடுக்கிறது" என்று கமராவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கோ அந்தப் பருவம்தான் விருப்பம். புரட்டாசியில் வல்லிபுர ஆழ்வார் (விஷ்ணு) கோயிலின் கடல் தீர்த்தம், நவராத்திரி, விஜயதசமியில் மானம்பூ எனும் வாழை வெட்டு, பிறகு தீபாவளி, கந்தசஷ்டி, சூரன்போர், கார்த்திகையில் விளக்கீடு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். லண்டன், பாரிஸ், சூரிச் பிள்ளைகளின் ஒக்டோபர் விடுமுறையும் பெரும்பாலும் இவற்றில் ஏதாவது ஒன்றோடு பொருந்திவிடும்.

பயணச்சீட்டு எடுக்க முன்பு ஊரில் இருக்கும் ஒருவரிடம் கோயில் திகதியைக் கேட்டுவிடுங்கள். வாக்கிய பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கும் திருக்கணிதம் பார்ப்பவர்களுக்கும் சில ஆண்டுகளில் ஒரு நாள் வித்தியாசம் வரும். இணையத்தில் பார்த்த நாளை நம்பிப் போய், நேற்றே முடிந்துவிட்டது என்று கேட்டுத் திரும்பியிருக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை என்பது சும்மா சொன்ன பேச்சில்லை. யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு இந்த மாதங்களில்தான் கொட்டுகிறது. குடை, கமராவை மூட ஒரு பொலித்தீன் பை, நன்றாகத் துவைத்த பழைய பருத்தித் துணி ஒன்று, இவை போதும். ஏசி அறையிலிருந்து நேரே வெளியில் எடுத்தால் லென்ஸில் பனிபோல ஈரம் படியும். புறப்பட அரை மணிக்கு முன்பே கமராவைப் பையோடு விறாந்தையில் வைத்துவிடுங்கள்.

வல்லிபுரத் தீர்த்தத்தைத் தவறவிடாதீர்கள். புரட்டாசிப் பூரணையை ஒட்டி நடக்கும். பருத்தித்துறைக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து ஓட்டோ பிடிக்கலாம். சுவாமி கோயிலிலிருந்து மணல் மேடுகளைத் தாண்டிக் கடலுக்குப் போக, சனம் முழுவதும் பின்னால் நடக்கும். பட்டுவேட்டிக்காரர், பாவாடை தாவணிப் பிள்ளைகள், தோளில் குழந்தையோடு அப்பாமார். கடல் கிழக்கே இருப்பதால், அவர்கள் கடலிலிருந்து திரும்பும்போது பிற்பகல் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து அவர்கள் முகத்தில் விழும். கோயில் பக்கமாக ஒரு மேட்டில் நின்று, திரும்பி வருகிற கூட்டத்தைப் பாருங்கள். அங்கே லென்ஸ் மாற்ற வேண்டாம், மணல் உள்ளே போனால் பிறகு எடுக்க முடியாது. தண்ணீரில் இறங்கியவர்களை எடுக்கவும் வேண்டாம். நனைந்த உடுப்போடு கரையேறும் பெண்கள் கும்பிட வந்தவர்கள். அந்த நேரத்தில் கமராவைக் கீழே இறக்கிவிடுங்கள்.

சூரன்போர் வேறு மாதிரி. சூரனைத் தூக்குகிற இளைஞர்கள் அவனை வீதியில் ஆட்டி, ஓடி, திருப்பி, ஒரு கலக்குக் கலக்குவார்கள். ஆனைமுகம், சிங்கமுகம் என்று தலை மாறும், கடைசியில் மாமரம், சேவல், மயில். இதற்கு 500இல் ஒரு பங்கு வினாடி வேகமாவது வேண்டும், போனில் என்றால் தொடர்ச்சியாக எடுக்கிற வசதியைப் போடுங்கள். சூரன் ஓடும் பாதையில் மட்டும் நிற்காதீர்கள். தூக்குகிறவர்களுக்கு முன்னால் நிற்பது யார் என்று தெரியாது, மழை பெய்த வீதி வழுக்கும். நான் முதல் சில நிமிடம் சூரனை எடுத்துவிட்டு, பிறகு பார்க்கிற சனத்தின் பக்கம் திரும்பிவிடுவேன். பயத்தில் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்திருக்கும் பிள்ளையின் முகத்தில் முழுச் சூரன்போரும் தெரியும்.

நல்லூரில் உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் போக வேண்டும். மற்றக் கோயில்களில் ஐயரையோ நிர்வாகத்தினரையோ முதலில் கேளுங்கள். எங்கேயாயினும் தீபாராதனை நேரம் பிளாஷ் அடிக்க வேண்டாம். முதுகில் செடில் (கொக்கி) குத்திக் காவடி எடுப்பவரை நிறுத்திப் "பாருங்கோ" என்று கூப்பிடவும் வேண்டாம். அவர் நேர்த்தி தீர்க்க வந்தவர்.

மற்றவர்களிடம் கேட்கலாம், கேட்க வேண்டும். "அம்மா, ஒரு படம் எடுக்கட்டே?" அவ்வளவுதான். "நில்லு பிள்ளை, தலையை ஒருக்கா இழுத்துட்டு வாறன்" என்பார்கள். அந்த அரை நிமிடத்தைக் கொடுங்கள். வேண்டாம் என்று கையை ஆட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். நவராத்திரியில் சரஸ்வதி வேடம் போட்ட பள்ளிப் பிள்ளைகளையோ விஜயதசமியன்று ஏடு தொடக்கும் குழந்தையையோ எடுப்பதானால் அதிபரிடமும் பெற்றோரிடமும் கேட்டுவிட்டு, குந்தி இருந்து பிள்ளையின் கண் மட்டத்தில் எடுங்கள். அரிசியில் அகரம் எழுதும் அந்தச் சின்ன விரலும் அதைப் பிடித்திருக்கும் பெரியவரின் கையும் மட்டும் போதும், ஒரு நல்ல படம் வந்துவிடும்.

இனி வீடு. இதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

தீபாவளிக்கு எல்லோரும் கூடுவார்கள். சாப்பாடு முடிந்தால் பாதிப்பேர் பாயில் சரிந்துவிடுவார்கள், அதனால் குடும்பப் படத்தைக் காலையிலேயே எடுங்கள். கோயிலால் வந்து புதுச்சட்டை கசங்காத நேரம் அது. உச்சி வெயிலில் முற்றத்தில் நிறுத்தினால் எல்லோருடைய கண்ணும் சுருங்கும், விறாந்தை ஓரம் நல்லது. வெள்ளை வேட்டி கமராவை ஏமாற்றி முகத்தை இருட்டாக்கும், ஆகவே போனில் முகத்தின் மேல் தொட்டுக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டுங்கள். அம்மம்மா, அப்பப்பாவுக்குக் கதிரை, பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் பாய், மற்றவர்கள் பின்னால்.

அப்புறம் ஒரு தரம் சுற்றிப் பாருங்கள். குசினி வாசலில் யாரோ நிற்பார். எங்கள் வீட்டில் அது பெரியம்மா. பெரியப்பா காலமான பிறகு எந்தப் படத்துக்கும் வரமாட்டார், "நான் என்னத்துக்கு, நீங்கள் எடுங்கோ" என்பார். ஒருமுறை கையைப் பிடித்துக் கூட்டிவந்து நடுக் கதிரையில் இருத்தினோம். அந்த ஒரு படம்தான் இப்போது அவருடைய வீட்டுச் சுவரில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார், அவரைக் கூப்பிடாமல் படத்தை எடுக்காதீர்கள். சுவரில் மாலை போட்டிருக்கும் படங்களை மட்டும் கேட்காமல் எடுக்க வேண்டாம். அந்த முகங்களைப் பற்றிப் பேச வீட்டார் தயாராக இருக்கும் நாளில் அவர்களே சொல்வார்கள்.

எடுத்த படங்களை உடனே முகநூலில் போடாமல் ஊரைவிட்டு வந்தபிறகு போடுங்கள். நகையோடு நிற்கும் பிள்ளைகளும் வெளிநாட்டு விருந்தினரும் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று உலகத்துக்குச் சொல்லத் தேவையில்லை. இராணுவ முகாம், சோதனைச்சாவடி பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். ட்ரோன் பறக்கவிட முன்அனுமதி வேண்டும், அனுமதியில்லாமல் கொண்டுவந்து சிக்கலில் மாட்டாதீர்கள். நவம்பர் 27 மாவீரர் நாள். அன்று பிள்ளைக்கு விளக்கேற்றி அழும் தாயின் முகம் யாருடைய அல்பத்துக்கும் உரியதில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கியபோது, யாழ்ப்பாண நகரைச் சூழ்ந்த வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. கையில் எடுத்ததோ ஒரு பை. அம்மாவின் கலியாண அல்பம் அலுமாரியில் இருந்தது. திரும்பி வந்தபோது அந்த அலுமாரியே இல்லை. எங்களைப்போல எத்தனையோ வீடுகளில் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இல்லாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் தபாலில் வெளிநாட்டுக்கு அனுப்பிய படங்கள் தப்பிவிட்டன. ரொறன்ரோவில் மாமா வைத்திருந்த பழைய கடித உறையிலிருந்துதான் அம்மாவின் கலியாணப் படம் ஒன்று எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. ஆகவே புறப்பட முன்பு உங்கள் வீட்டு அல்பங்களையும் கடித உறைகளையும் ஒருதரம் கிளறிப் பாருங்கள். ஊரில் எடுத்த படம் எது கிடைத்தாலும் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள்.

போனவுடன் எடுத்த படங்களில் நல்லதை யாழ்ப்பாண நகரத்து ஸ்ரூடியோவில் கொடுத்து, திரும்பும் முன்பே அச்சடித்துக் கையில் கொடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் அம்மம்மா பார்க்கமாட்டார், பேரன் போனை மாற்றினால் அதுவும் போய்விடும். வீட்டுக்கு 4க்கு 6 அங்குலத்தில் பத்துப் படம், பெரியவர்களுக்கு 8க்கு 12இல் ஒன்று, முடிந்தால் சட்டம் போட்டு. வீதியில் நின்று படத்துக்குச் சம்மதித்த பூக்கடை அம்மாவுக்கும் ஒன்று அடித்து, போகிற வழியில் கொடுத்துவிடுங்கள். பின்பக்கம் பெயர், முறை, ஊர், திகதி எல்லாவற்றையும் தமிழில் எழுதுங்கள். யார் யாருக்கு என்ன முறை என்று தெரியாவிட்டால் அம்மம்மாவின் பக்கத்தில் இருந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.