புது கடல் தண்ணி டேங்க்ல மீன் சாகாம இருக்கணும்னா

மொதல்ல ஒண்ணு கேட்டுக்கறேன், டேங்க் வாங்குற அன்னைக்கே மீனையும் சேத்து வாங்கிட்டு வராதீங்க. நான் அப்படித்தான் பண்ணேன். உப்பு கரைச்சு ஊத்தி மறுநாளே ரெண்டு க்ளவுன் ஃபிஷ் விட்டேன், தண்ணி பளிங்கு மாதிரி தெளிவா இருந்துச்சு, அஞ்சாவது நாள் ரெண்டும் மேல வந்து வேகமா மூச்சு வாங்கிட்டு நின்னுச்சு, விடிஞ்சு பாத்தா ரெண்டுமே இல்ல. கையில ஒரு டெஸ்ட் கிட்கூட இல்லாததால ஏன் செத்துச்சுன்னே அன்னைக்கு புரியல, இப்பவும் நெனச்சா கஷ்டமா இருக்கு.

காரணம் அம்மோனியா. மீன் செவுள் வழியா அம்மோனியாவத்தான் வெளிய விடும், கழிவும் மிச்ச தீனியும் அழுகி அம்மோனியாவா மாறும். அத நைட்ரைட்டா மாத்த ஒரு வகை பாக்டீரியா, அந்த நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்த இன்னொரு வகை, இது ரெண்டும் கல்லுலயும் மணல்லயும் ஒட்டி வளரணும். புது டேங்க்ல அது இருக்காது. நல்ல தண்ணி மீன் வருஷக்கணக்கா வளத்தவங்ககூட இங்க ஏமாறுவாங்க, ஏன்னா கடல் தண்ணி பிஹெச், அதாவது அமில காரத் தன்மையோட அளவு, 8.1ல இருந்து 8.4 வரைக்கும் இருக்கும், பிஹெச் ஏற ஏற அதே அளவு அம்மோனியாவுக்கு விஷம் கூடும்.

அதனால மீன் இல்லாமலே சைக்கிள் பண்ணுங்க, அதாவது அந்த பாக்டீரியாவ மொதல்ல வளத்து எடுங்க. கல், மணல் போட்டு, ஹீட்டர், வேவ்மேக்கர் (தண்ணிய அலை மாதிரி ஓட்டுற மோட்டார்) எல்லாம் ஓடவிட்டு, பாட்டில் பாக்டீரியா ஊத்தி, அக்வேரியத்துக்குன்னே விக்கிற அம்மோனியா சொட்டு விட்டு 2 பிபிஎம் (பத்து லட்சத்துல ரெண்டு பங்கு) கொண்டு வாங்க. அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒருக்கா டெஸ்ட். 2 பிபிஎம் விட்டு 24 மணி நேரத்துல அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டுச்சுன்னா டேங்க் ரெடி. பொதுவா 4ல இருந்து 6 வாரம் ஆகும், லைவ் ராக், அதாவது பாக்டீரியா ஏற்கனவே ஒட்டியிருக்குற கடல் கல், போட்டா சீக்கிரம் முடியலாம். டாம்சல் மீன விட்டு சைக்கிள் பண்ணுங்கன்னு சிலர் சொல்லுவாங்க, தயவுசெஞ்சு வேணாம், அந்த ஜீவனுக்கும் செவுள் எரியும், தப்பி பொழச்சா பின்னாடி வர்ற மீன எல்லாம் தொரத்தி கடிக்கும். நடுவுல கல்லெல்லாம் பழுப்பா பாசி படியும், அது டயட்டம், தானா போயிடும், பயப்படாதீங்க.

உப்பு விஷயம். குழாய் தண்ணி வேணாம், ஆர்ஓ டிஐ தண்ணில (கரைஞ்சிருக்குறதெல்லாம் வடிகட்டி எடுத்த சுத்தத் தண்ணி) தனி வாளில கரைங்க, மீன் இருக்குற டேங்க்ல நேரா உப்பு கொட்டவே கூடாது. உப்பளவு ஒப்படர்த்தி கணக்குல 1.025, உப்பளவு காட்டுற ரிஃப்ராக்டோமீட்டர்ங்கிற கருவில பாருங்க, அதையும் 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு உப்பு) கேலிப்ரேஷன் தண்ணி வெச்சு சரி பண்ணிக்கோங்க. சூடு 25 டிகிரி பக்கம். தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால கொறஞ்ச தண்ணிக்கு உப்பு போடாத ஆர்ஓ டிஐ தண்ணிதான் தினமும் ஊத்தணும். இங்க உப்புத் தண்ணி ஊத்தி ஊத்தியே மீன கொன்னவங்க நெறைய. சின்ன டேங்க்னா இந்த ஏத்த எறக்கம் இன்னும் வேகமா நடக்கும், மொத டேங்க் கொஞ்சம் பெருசாவே வாங்குங்க.

மீன் வந்த அன்னைக்கு எப்படி விடணும்? பக்கத்து கடைல இருந்து வந்ததுன்னா கவர மூடினபடியே 15, 20 நிமிஷம் மெதக்க விட்டு, அப்புறம் நம்ம தண்ணிய சொட்டு சொட்டா சேத்து பழக்கலாம். ஆனா பார்சல்ல பல மணி நேரம் பயணம் பண்ணி வந்த மீனுக்கு இது ஆபத்து. கவருக்குள்ள கார்பன் டை ஆக்ஸைடு சேந்து பிஹெச் எறங்கியிருக்கும், அதனாலதான் அம்மோனியா பெருசா கெடுதல் பண்ணாம அடங்கி இருக்கும், கவர தொறந்ததும் வாயு வெளிய போய் பிஹெச் ஏறி அதே அம்மோனியா விஷமாயிடும். அப்ப ஒரு மணி நேரம் சொட்டு விட்டுட்டு உக்காந்தா மீன் விஷத்துக்குள்ளயே கெடக்கும். இந்த மாதிரி மீனுக்கு, அது வர்ற தண்ணியோட உப்பளவ முன்னாடியே கேட்டு தனி டேங்க்ல அதே அளவு வெச்சு, சூடு சமமானதும் மீன மட்டும் எடுத்து விடுங்க, கவர் தண்ணி ஒரு சொட்டு வேணாம்.

அந்த தனி டேங்க்தான் குவாரண்டைன், புது மீனுக்கு நோய் இருக்கான்னு தனியா வெச்சு பாக்குற இடம். ஒரு சின்ன டேங்க், சைக்கிள் ஆன ஃபில்டர், ஹீட்டர், ஒளிய ரெண்டு பிவிசி பைப் துண்டு, அவ்வளவுதான், நாலு வாரமாவது வெச்சு பாருங்க. கடல் இக்குங்கிற ஒட்டுண்ணி நோய் வந்தா வெள்ளப் புள்ளி ரெண்டு மூணு நாள்ல மறையும், சரியாயிடுச்சுன்னு நெனப்போம், ஆனா அந்த ஒட்டுண்ணி கீழ விழுந்து கல்லுல கூடு கட்டி பெருகி பல மடங்கா திரும்ப வரும். காப்பர் மருந்து குவாரண்டைன்ல மட்டும், மெயின் டேங்க்ல ஊத்தினா எறா, நத்தை, பவளம் எல்லாம் போயிடும்.

மொத மீனுக்கு டேங்க்ல பொறந்த ஒசல்லாரிஸ் க்ளவுன் ஃபிஷ்தான் என் தேர்வு, தாங்கும், தீனியும் ஒழுங்கா எடுக்கும். ஃபயர்ஃபிஷ் நல்லது, ஆனா தாவும், வலை மூடி கட்டாயம். ப்ளூ டாங் அழகா இருக்குன்னு வாங்காதீங்க, ஒரு அடி வரைக்கும் வளரும். மேண்டரின் மீன் பொதுவா உயிரோட இருக்குற கோப்பிபாட்ங்கிற குட்டி குட்டி உயிரியத்தான் திங்கும், புது டேங்க்ல பட்டினி கெடந்தே செத்துடும். ஒரு மீன் விட்டா அடுத்ததுக்கு ரெண்டு வாரமாவது இடைவெளி விடுங்க, பாக்டீரியா அந்த சுமைக்கு பழகணும்.

தீனி ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு போதும். வாரம் 10 சதவீதம் தண்ணி மாத்துங்க. கரண்ட் போனா ஹீட்டர விட காத்துதான் அவசரம், உப்புத் தண்ணில ஆக்ஸிஜன் ஏற்கனவே கம்மியாத்தான் கரையும், பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கைவசம் இருக்கட்டும்.

என்னைக்காவது மீன் மேல வந்து மூச்சு வாங்குச்சுன்னா கண்ட மருந்தையும் ஊத்தாதீங்க. வேவ்மேக்கர மேல் தண்ணி கலங்குற மாதிரி திருப்பி விட்டு உடனே அம்மோனியா டெஸ்ட் பண்ணுங்க, ஏறியிருந்தா அதே உப்பு, அதே சூட்டுல கரைச்சு வெச்ச தண்ணிய பாதி அளவு மாத்துங்க. அதுக்காகவே ஒரு வாளி உப்புத் தண்ணி எப்பவும் ரெடியா வெச்சிருங்க, நான் வெச்சிருக்கேன்.