நிறமில்லாத அப்சிந்த்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்சிந்த் என்ற மூலிகை மதுபானம் பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்பது பலருடைய எண்ணம். தண்ணீர் போலத் தெளிந்த பாட்டிலைப் பார்த்ததும் சாயம் போய்விட்டதா, மட்டமான சரக்கா என்று சந்தேகப்படுகிறார்கள். நிறமில்லாத அப்சிந்தைப் பற்றிய முதல் தவறு இதுதான். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பச்சைக்கும் தெளிந்ததற்கும் பாதி வழி வரை ஒரே செய்முறைதான். வார்ம்வுட், அனீஸ் விதை, சோம்பு ஆகிய மூன்றும் அடிப்படை. வார்ம்வுட் நம் மருக்கொழுந்து, மாசிபத்திரி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த செடி. இவற்றை வீரியமான ஆல்கஹாலில் ஊறவைத்து, செப்புக் கலனில் மெதுவாகக் காய்ச்சி வடிப்பார்கள். வடிந்து விழுவது எப்போதுமே நிறமற்றதாகத்தான் இருக்கும். பச்சை வேண்டுமானால் அதில் சிறு வார்ம்வுட், ஹிஸ்ஸோப், லெமன் பாம் போன்ற மூலிகைகளை மறுபடி ஊறவைக்க வேண்டும். அப்போது இலையின் பச்சையத்தோடு சற்றுக் கசப்பும் புல்வாசமும் இறங்கும். தெளிந்த வகை அந்தக் கடைசிப் படியைத் தொடுவதே இல்லை.

அந்தப் படி இல்லாததால் வேலை எளிது என்று நினைத்துவிடக் கூடாது. பின்னால் சேர்க்கும் மூலிகை வாசம் சின்னச் சின்னக் குறைகளை மூடிவிடும். தெளிந்ததில் அந்த வசதி இல்லை. வடிக்கும்போது முதலில் வரும் காரமான பகுதியையும், கடைசியில் வரும் கனத்த, வெந்த வாடை அடிக்கும் பகுதியையும் ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை மூக்கும் நாக்கும்தான் சொல்லும். கொஞ்சம் தாமதித்தாலும் குவளையில் தெரிந்துவிடும். கைத்தொழிலாகச் சிறு கலன்களில் வடிப்பவர்கள் மேல் எனக்குள்ள மரியாதை இங்கேதான் தொடங்குகிறது.

இந்தப் பானத்தின் தாய்நிலம் சுவிட்சர்லாந்தின் நோஷாத்தெல் மாநிலத்தில் உள்ள வால்-த-திராவேர் பள்ளத்தாக்கு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்குள்ள கூவே என்ற ஊரில் வணிக உற்பத்தி தொடங்கியது. 1805-இல் பெர்னோ குடும்பம் எல்லை தாண்டி பிரான்ஸின் பொந்தார்லியேவில் பெரிய ஆலை அமைத்தது. 1905-இல் சுவிஸ் கிராமம் ஒன்றில் ழான் லான்ஃப்ரே என்ற கூலித் தொழிலாளி மனைவியையும் இரண்டு மகள்களையும் சுட்டுக் கொன்றான். அன்று அவன் குடித்ததில் பெரும்பகுதி திராட்சை மது. அப்சிந்த் இரண்டு குவளைதான். ஆனாலும் பழி அப்சிந்த் மேல் விழுந்தது. 1908-இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது, 1910-இல் தடை அமலுக்கு வந்தது. 2005 மார்ச் 1 அன்றுதான் அது நீங்கியது.

ஏறத்தாழ 95 வருடம் அந்தப் பள்ளத்தாக்கு திருட்டுத்தனமாக வடித்தது. நிறமில்லாத வகை தடைக்கு முன்பே இருந்தாலும், வழக்கமாகிப் போனது இந்தக் காலத்தில்தான். பச்சை நிறம் பார்த்தவுடன் காட்டிக்கொடுக்கும், அதற்குக் கூடுதல் வேலையும் வேண்டும். சமையலறையிலும் நிலவறையிலும் வடித்து, காட்டுச் சுனைகளின் அருகே பாட்டில்களை ஒளித்துவைத்தார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் கைப்பக்குவம் வேறு. ‘லா ப்ளூ’ என்று அவர்கள் அழைக்கும் இந்தத் தெளிந்த சரக்கு அப்படி வளர்ந்ததுதான். வடித்தவர்களை விசாரித்துத் தண்டித்த மோத்தியே ஊர் நீதிமன்றக் கட்டடம் 2014 முதல் அப்சிந்த் அருங்காட்சியகமாக இருக்கிறது. இவ்வளவும் தெரிந்த பிறகு இதைப் ‘பச்சையின் குறைப் பதிப்பு’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம், மாயத்தோற்றம் காட்டும் என்ற கதை. வார்ம்வுட்டில் துஜோன் என்ற பொருள் இருக்கிறது, அளவு மீறினால் வலிப்பு வரும் என்பது உண்மை. ஆனால் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், தடைக்கு முந்தைய 13 பழைய பாட்டில்களைச் சோதித்தபோது லிட்டருக்குச் சராசரியாக 25 மில்லிகிராம்தான் இருந்தது. இன்றைய ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 35. மயக்குவது இதில் பெரும்பாலும் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ஆல்கஹால்தான். பயப்பட வேண்டியதும் அதற்குத்தான்.

வீட்டில் வார்ம்வுட்டை வோட்காவில் ஊறப்போட்டால் அப்சிந்த் ஆகிவிடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். செடியின் கடுங்கசப்பு ஆவியாகாது. வடிக்கும்போது அது கலனிலேயே தங்கிவிடும், ஊறவைத்தால் முழுதும் குவளைக்கு வரும். வார்ம்வுட் எண்ணெயை வாங்கிக் கலப்பது இன்னும் மோசம். 1997-இல் பதிவான ஒரு நிகழ்வில், இணையத்தில் வாங்கிய எண்ணெயை அப்சிந்த் என்று நினைத்துக் குடித்தவருக்குத் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழந்தது.

சர்க்கரைக் கட்டியை நனைத்துத் தீ வைப்பது பழைய மரபு என்று நினைப்பதும் தவறு. அது 1990-களில் செக் நாட்டிலிருந்து பரவிய வேடிக்கை. தீ, பானத்தின் மென்மையான வாசத்தைக் கெடுக்கிறது. குவளைக்குப் பரவினால் கையும் சுடும். பள்ளத்தாக்கில் செய்வது வேறு: ஒரு பங்கு அப்சிந்த், மூன்று முதல் ஐந்து பங்கு குளிர்ந்த தண்ணீர், அதுவும் துளித்துளியாக. அனீஸில் உள்ள அனெத்தோல் ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால் தண்ணீர் சேரச் சேர நுண்துளிகளாகப் பிரிந்து பானம் பால் போலக் கலங்கும். மடமடவென்று ஊற்றினால் வாசங்கள் ஒவ்வொன்றாக எழும் அந்த நேரமே கிடைக்காது. தெளிந்த வகை இயல்பிலேயே மென்மையானது என்பதால், சர்க்கரை இல்லாமல் முதலில் சுவைத்துப் பாருங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

பால் போலக் கலங்கினாலே நல்ல சரக்கு என்று முடிவு கட்டவும் வேண்டாம். அன்னாசிப்பூவிலும் அனெத்தோல் நிறைய உண்டு. மலிவான சரக்கில் அதைக் கொட்டி அடர்த்தியாகக் கலங்க வைக்கலாம், ஆனால் நாக்கு மரத்துப்போகும், வேறெதுவும் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்சிந்துக்குத் தனிச் சட்ட வரையறை கொண்டுவரும் முயற்சி 2013-இல் நாடாளுமன்றத்தில் தோற்றது. ஆகவே லேபிளில் உள்ள பெயரை மட்டும் நம்பாமல், வடித்ததா, எங்கே, எந்த மூலிகைகளோடு என்று பாருங்கள்.

பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அனெத்தோல் படிகமாகி வெள்ளை ஊசிகள் போல மிதக்கும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடவும் வேண்டாம்; வெதுவெதுப்பான இடத்தில் சிறிது நேரம் வைத்துக் குலுக்கினால் மறுபடி கரைந்து தெளிந்துவிடும்.