சதுரங்கப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரை: குறைந்த செலவில் ஒரு கடற்கரைக் காலனிப் பயணம்

சோழமண்டலக் கடற்கரையில் ஐரோப்பியர் கோட்டை கட்டி வாழ்ந்த ஊர்கள் பெரும்பாலும் ஒரே சாலையில் வரிசையாக அமைந்திருக்கின்றன. சென்னையிலிருந்து தெற்கே இறங்கினால், ஒல்லாந்தரின் (டச்சுக்காரரின்) சதுரங்கப்பட்டினம், பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி, ஆங்கிலேயர் பிடித்திருந்த கடலூர், போர்த்துக்கீசியர் வந்து தங்கிய பரங்கிப்பேட்டை, டென்மார்க்கிலிருந்து வந்த டேனியரின் தரங்கம்பாடி, மீண்டும் பிரெஞ்சுக் காரைக்கால், கடைசியாக ஒல்லாந்தரின் தலைமையிடமாக இருந்த நாகப்பட்டினம் என்று ஐந்து நாட்டாரின் ஊர்களை அரசுப் பேருந்திலேயே பார்த்து முடிக்கலாம். கார் வேண்டாம், வழிகாட்டி வேண்டாம். ஐந்து பகல், நான்கு இரவு போதும்.

செலவைக் குறைக்கும் வழி ஒன்றே ஒன்றுதான்: பார்க்கும் ஊரில் தங்காதீர்கள், பக்கத்து ஊரில் தங்குங்கள். தரங்கம்பாடிக் கடலோரத்தில் பழைய கட்டடங்களைப் புதுப்பித்து நடத்தும் விடுதியில் ஓர் இரவுக்குக் கேட்கும் தொகையில் சிதம்பரத்திலோ மயிலாடுதுறையிலோ நான்கு இரவுகள் தங்கிவிடலாம். கோயில் ஊர்களில் லாட்ஜுகள் நிறைய. அவற்றுள் பல 24 மணி நேரக் கணக்கில் அறை தருகின்றன. மாலை 4 மணிக்குச் சாவி வாங்கினால் மறுநாள் மாலை 4 மணி வரை அறை நம்முடையது என்பதால், காலையில் பையை அறையிலேயே விட்டுவிட்டுக் கை வீசி ஊர் சுற்றலாம். அறை கேட்கும்போதே எந்தக் கணக்கு என்று விசாரித்துக்கொள்வது நல்லது. நகரங்களில் உள்ள சில விடுதிகளில் நண்பகல் 12 மணி ஆனதும் கதவைத் தட்டிவிடுவார்கள்.

தனியாகப் பயணம் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குடும்பமாக வருபவருக்கு உடனே கிடைக்கும் அறை, தனியாள் கேட்டால் திடீரென்று 'ஃபுல்' ஆகிவிடும். ஒருமுறை இரவு 9 மணிக்கு மேல் ஓர் ஊரில் இறங்கி, சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்த பலகைக்கு முன்னால் நின்றபடியே, அறை இல்லை என்ற பதிலை மூன்று இடங்களில் கேட்டேன். அதற்குப் பிறகு நான் கைக்கொண்ட வழக்கம் இது: இருட்டுவதற்கு முன் ஊர் சேர்வது, முந்தின நாளே தொலைபேசியில் பேசி வைப்பது, கேட்பதற்கு முன்பே ஆதார் அட்டையை மேசைமேல் வைப்பது.

நாள் தேர்வும் முக்கியம். ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை ஏற்ற காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; புயல் அறிவிப்பு வந்துவிட்டால் இந்தச் சாலையில் பேருந்தே ஓடாது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அந்த நாட்களில் நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் அறை கிடைப்பது அரிது. நாகூர் தர்காவின் கந்தூரி விழாவின்போதும் அப்படியே. புதுச்சேரிக்கு எக்காரணம் கொண்டும் வெள்ளி, சனி இரவுகளில் போய்ச் சேராதீர்கள். அறை வாடகை ஞாயிறு மாலைக்குப் பிறகுதான் தரைக்கு இறங்கும். ஆகவே சென்னையிலிருந்து ஞாயிறு காலை புறப்படுவதே உசிதம். இதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. தரங்கம்பாடிக் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. ஞாயிறு புறப்பட்டால் புதுச்சேரியில் திங்களைத் தெருக்களுக்கும் செவ்வாய்க் காலையை அருங்காட்சியகத்துக்கும் ஒதுக்கிவிட்டு, புதன்கிழமை தரங்கம்பாடியில் இருக்கலாம்.

முதல் நாள் திருவான்மியூரில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தைப் பிடித்து, கல்பாக்கத்துக்கு அருகில் புதுப்பட்டினத்தில் இறங்கினால் சதுரங்கப்பட்டினம் பக்கம்தான். மாமல்லபுரத்துக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே வருவதில்லை என்று தோன்றும். மெல்லிய துணி ஏற்றுமதிக்காக ஒல்லாந்தர் வந்து அமர்ந்த செங்கல் கோட்டை இது. 1782 பிப்ரவரியில் இந்தக் கரைக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலக் கப்பற்படையும் மோதிக்கொண்டன. கோட்டைக்குள் இருக்கும் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். நான் போனபோது அது பூட்டியிருந்தது. காவலரிடம் கேட்டதும் திறந்துவிட்டார். தரையோடு படுத்திருக்கும் கருங்கற்களில் குலச் சின்னங்களும் ஒல்லாந்த எழுத்துகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. உச்சி வெயிலில் பார்த்தால் வெறும் கல்லாகத் தெரியும். சாய்ந்த வெயிலில் எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழும்போதுதான் பெயரும் ஆண்டும் எழும்பி வரும். அதனால் காலை 9 மணிக்குள் அங்கே இருப்பது நல்லது. அணுமின் நிலையம் அருகில் இருப்பதால் அந்தத் திசையில் படம் எடுக்க வேண்டாம்.

அங்கிருந்து புதுச்சேரிக்குப் பேருந்து எளிதில் கிடைக்கும். தங்குவதற்கு அரவிந்தர் ஆசிரம விருந்தினர் இல்லங்களை முதலில் விசாரியுங்கள். சுத்தமாக இருக்கும், வாடகை நியாயமாக இருக்கும். ஆனால் புகை, மது கூடாது, இரவில் குறித்த நேரத்தில் வாயிற்கதவை அடைத்துவிடுவார்கள். அது ஒத்துவராதவர்கள் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜுகளைப் பார்க்கலாம். ஊருக்குள் செல்ல ஆட்டோ வேண்டாம். வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டால் நாள் முழுவதற்கும் ஒரு சாப்பாட்டுச் செலவுதான் ஆகும்.

புதுச்சேரியைப் பார்க்கும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வருபவர்கள் பெரும்பாலும் மஞ்சள் சுவருக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தச் சுவர்களில் மிகப் பழையவையும்கூட 1761க்குப் பிற்பட்டவையே. அவ்வாண்டு ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் ஐரோப்பியர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். சதுரங்கப் பலகைபோல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தெருக்கள் பிரெஞ்சுக்காரரின் சிந்தனை என்று எல்லோரும் நினைப்பார்கள். 1693 முதல் 1699 வரை ஊரைத் தம் வசம் வைத்திருந்த ஒல்லாந்தர் வரைந்த திட்டமே அதற்கு அடிப்படை. பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால்தான் நம்மவர் வாழ்ந்த பகுதி தொடங்குகிறது. தெருவை நோக்கி நீளும் தாழ்வாரம், திண்ணை, மரத்தூண்கள், மாடியில் மட்டும் பிரெஞ்சு மாதிரிச் சன்னல்கள் என்று இரண்டு உலகங்கள் ஒரே முகப்பில் கலந்திருக்கும். இதற்கு எடுத்துக்காட்டு வைசியாள் வீதி. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் இந்தத் தமிழ்ப் பகுதியில்தான் இருக்கிறது. என் கருத்தில், கையில் இரண்டே மணி நேரம் இருந்தால் அதை வாய்க்காலுக்கு மேற்கே செலவிடுவதே சரி. கடற்கரைச் சாலையை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். வாகனங்களை நிறுத்திவிடுவதால் நடப்பதற்கு அதுதான் நேரம்.

கடலூரில் நீண்ட நேரம் தேவைப்படாது. தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் 1690இல் விலைக்கு வாங்கிய புனித டேவிட் கோட்டையில் இன்று பார்க்க எஞ்சியிருப்பது சொற்பம். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள கிராமங்கள் கோட்டையைச் சேரும் என்பது ஒப்பந்தம்; அவற்றைக் குண்டு கிராமங்கள் என்று அழைத்தார்கள். கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக அரை நாளைச் செலவிட வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் நேராகச் சிதம்பரம் போய்விடுவேன். இரவு அங்கே தங்கி, இட்லிக்குக் கத்தரிக்காய்க் கொத்சு சாப்பிட்டுவிட்டு, நேரமிருந்தால் பரங்கிப்பேட்டைக்குப் போய் வரலாம். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படை ஆங்கிலேயரிடம் தோற்ற களம் அது. பார்க்க வேண்டிய கட்டடம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஊரின் பெயரே அங்குள்ள நினைவுச்சின்னம்.

சிதம்பரத்திலிருந்து காரைக்கால், நாகப்பட்டினம் செல்லும் பேருந்துகள் சீர்காழி, திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடியைக் கடந்துதான் போகின்றன. சென்னையிலிருந்து வரும் தொலைதூரப் பேருந்தில் ஏறினால் நடத்துநர் காரைக்கால் வரைக்கும் சீட்டு வாங்கச் சொல்லக்கூடும்; சிதம்பரத்திலேயே புறப்படும் வண்டியைப் பார்த்து ஏறுங்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் ஓடும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அருகிலேயே தங்க விரும்பினால் திருக்கடையூரில் அறைகள் ஏராளம். ஆனால் முகூர்த்த நாள் பார்த்துப் போகக் கூடாது. அன்று ஊரே அறுபதாம் கல்யாண வீடாக இருக்கும்.

தரங்கம்பாடியில் முதன்மைச் சாலையிலேயே இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து கடலை நோக்கி நடந்தால் 1792இல் கட்டிய வெள்ளை நிற நகர வாயில் வரும். அதற்குள் நுழைந்ததும் இராஜ வீதி நேராகக் கடலுக்குப் போகிறது. இந்த ஒரே தெருவில் ஏறக்குறைய எல்லாம் இருக்கின்றன: 1701இல் எழுந்த சீயோன் ஆலயம், 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், அதனுள்ளே அடுத்த ஆண்டே அடக்கம் செய்யப்பட்ட ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்குவின் கல்லறை, கடைசியில் டேன்ஸ்போர்க் கோட்டை. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனியருக்கு இடம் கொடுத்தார்; 1845இல் டேனியர் தங்கள் இந்தியக் குடியிருப்புகளை 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு இங்கே அச்சுக்கூடம் நிறுவித் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். காகிதம் செய்த இடத்துக்குப் பக்கத்துப் பொறையாரில் இன்றும் கடுதாசிப்பட்டறை என்றே பெயர். கோட்டையைவிட எனக்கு அந்தப் பெயர்தான் பெரிய சான்றாகப்பட்டது.

கோட்டைக்கு வடக்கே கடலோரமாகச் சில நிமிடம் நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 1306இல் எழுந்தது. பழைய கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. டேனியர் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு ஊரும் வணிகமும் இருந்தன என்பதற்கு அதுவே சாட்சி. ஊருக்குள் உணவகங்கள் குறைவு. மதியச் சாப்பாட்டுக்குப் பொறையார் மெஸ்ஸுக்குப் போய்விட்டு, 3 மணிக்கு மேல் திரும்பி வருவது வயிற்றுக்கும் பணப்பைக்கும் நல்லது. தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுபோய் நிரப்பிக்கொள்ளுங்கள்.

காரைக்காலை வழியில் ஒரு காபிக்காகப் பார்த்தால் போதும். நாகப்பட்டினத்தை ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்து, 1690இல் பழவேற்காட்டிலிருந்த தலைமையிடத்தை இங்கே மாற்றினர். 1781இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை போய்விட்டது, தேடினால் பழைய தேவாலயமும் கல்லறைகளும் கிடைக்கும். கடைசி மாலையை நாகூரில் கழிக்கலாம். தர்காவின் பெரிய மினாரா 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் கட்டுவித்தது.

ஆள் ஒருவருக்கு, அறையை இருவர் பகிர்ந்துகொண்டால், நாளொன்றுக்கு 1,200 ரூபாய்க்குள் எனக்கு முடிந்திருக்கிறது. தனியாகப் போனபோது 1,600 வரை ஆயிற்று. சிற்றூர்க் கடைகளில் சிக்னல் கிடைக்காமல் பணப் பரிமாற்றச் செயலி சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் 10, 20 ரூபாய்த் தாள்களாகச் சில்லறை வைத்திருங்கள். திரும்புவதற்குக் காரைக்காலிலிருந்து நாகூர், நாகப்பட்டினம் வழியாகச் சென்னைக்குச் செல்லும் இரவு ரயில் இருக்கிறது. தூங்கும் வசதிப் பெட்டியில் அந்தச் சீட்டை மட்டும் புறப்படுவதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். மற்றவை எல்லாவற்றையும் அந்தந்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்.