மலைக்குப் பச்சை வேண்டாம்

கோவைக்கு மேற்கே தொண்டாமுத்தூர்ப் பக்கம் நின்று வெள்ளியங்கிரி மலைத்தொடரை நீர்வண்ணத்தில் தீட்டப் போகிறீர்களா? முதலில் பச்சை ட்யூபை மூடிவையுங்கள். கிட்டே போனால்தான் மலை பச்சை. தூரத்தில், இடையிலுள்ள காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால் நீலம் பாய்ந்து வெளிறித் தெரிகிறது. அல்ட்ராமரின் நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு நிறம் கலந்தால் அந்தச் சாம்பல் நீலம் கிடைக்கும். கடைசி மலைக்குத் தண்ணீர் தாராளமாக. முன்னால் வர வர நிறத்தைக் கூட்டுங்கள். ஒரு மலை நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது, இல்லாவிட்டால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். அடிவாரத்தை மட்டும் ஈரத் தூரிகையால் லேசாகக் கரைத்துவிட்டால் மூடுபனி தானாக வந்து உட்காரும்.

மலை மேற்கே இருப்பதால் காலை வெயில் நேராக விழுந்து மடிப்புகளையெல்லாம் காட்டும், புதியவர்கள் திணறிப்போவார்கள். மாலையில் சூரியன் பின்னால் இறங்கும்போது வெறும் அடுக்குகளே தெரியும். அதுவே எளிது.

முன்னால் நிற்கும் தென்னைகளுக்குக் கடையில் வாங்கிய பச்சையை அப்படியே பூசுவது எனக்குப் பிடிக்காது. பிளாஸ்டிக் மரம்தான் மிஞ்சும். அதிலும் அதே சியன்னா ஒரு துளி சேருங்கள். செம்மண் வரப்புக்கும் அதுவே போதும்.