கயிறில்லாமல் பாறை ஏற ஒரு நாள்

போல்டரிங் என்னும் சிறு பாறை ஏறும் விளையாட்டில் கயிறு கிடையாது, பாறை பத்துப் பதினைந்து அடிதான், விழுந்தால் கீழே தடித்த மெத்தை. முதலில் அனுமதி. திருநெல்வேலிப் பக்கம் களக்காடு முண்டந்துறைக் காடு 1988 முதல் புலிகள் காப்பகம், வனத்துறையிடம் கேட்காமல் நுழைந்தால் வழக்குதான். அதனால் காப்பகத்துக்கு வெளியே இருக்கும் பொத்தைகளில், அதாவது சிறு பாறைக் குன்றுகளில், ஆரம்பிப்பதே நல்லது, அங்கும் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம். தை, மாசியில் விடிந்ததும் தொடங்கி பத்து மணிக்குள் முடியுங்கள், அப்புறம் பாறை தோசைக்கல்.

ஏறுமுன் இறங்கும் வழியைப் பாருங்கள். நான் ஒருமுறை உச்சியில் உட்கார்ந்து அரை மணி நேரம் முழித்தேன், அதற்குள் கீழே நின்ற பயல்கள் புளியோதரையைக் காலி செய்துவிட்டார்கள்.

கீழே நிற்பவர் விழுகிறவரைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்டிவைத்து, அவர் இடுப்பைத் தள்ளி மெத்தைப் பக்கம் திருப்பிவிட வேண்டும், தலை கல்லில் படாமல் இருந்தால் போதும்.

கை வியர்த்தால் மக்னீசியம் கார்பனேட் பொடி. மேலே மலைத்தேனடை தொங்கினால் சத்தமில்லாமல் வேறு பாறைக்குப் போங்கள். இடுக்கில் விரல் விடுமுன் குச்சியால் துழாவுங்கள், தேள் இருக்கும்.